சராசரி மறைக்கும் உச்சம்

குப்பை மெயிலை வடிகட்டும் சர்வர்களின் பாரத்தை வரைபடமாகப் பார்க்கும் வழக்கம் மெயிலில் தொடங்கியதல்ல. 1994-ல் ஒரே ஒரு 64 கிலோபிட் இணைய இணைப்பின் நெரிசலை அறிய டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய நிரல்தான் எம்ஆர்டிஜி. 1999-ல் அவரே ஆர்ஆர்டிடூல் தந்தார். அதன் கோப்பு பெருத்துக்கொண்டே போகாது. பழைய கணக்கைச் சராசரியாகச் சுருக்கிவிடும். வங்கியில் நாங்கள் தினக்கணக்கை மாதச் சுருக்கமாக்குவது போல.

ஆபத்தும் அங்கேதான். பத்து நிமிடம் குப்பை குவிந்து நல்ல மெயில்கள் வரிசையில் தேங்கியது மாத வரைபடத்தில் தெரியாது. நாலு சர்வரில் ஒன்று திணறினாலும் கூட்டுச் சராசரி அமைதியாகவே இருக்கும். அதற்காகத்தான் ஆர்ஆர்டிடூலில் உச்ச அளவைத் தனியே சேமிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து எனக்கு வரும் மெயிலும் அந்த வரிசையில் நின்றிருக்கலாமே! சராசரியோடு உச்சத்தையும் பாருங்கள்.