ஜெர்மானியர் நாவில் திருமறை

ஜெர்மனியின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித போனிபாஸ் ஜெர்மானியர் அல்லர். கடல் கடந்து சென்ற ஆங்கிலேயத் துறவி. அவருடைய தாய்மொழி அந்நாட்டார் பேச்சுக்கு உறவுமொழி. அது அவருக்கு இறைவன் அளித்த பெருந்துணை எனலாம்.

721-ஆம் ஆண்டளவில் ட்ரியர் நகருக்கருகே பால்சல் கன்னியர் மடத்தில் அவர் தங்கினார. உணவு வேளையில் மடத்தலைவியின் பேரன் கிரகோரி, பதினான்கு பதினைந்து வயதுச் சிறுவன், இலத்தீன் நூலைத் தங்குதடையின்றி வாசித்தான். துறவியார் அவனைப் பாராட்டி, அதையே வீட்டில் பேசும் மொழியில் சொல்லக் கேட்டார். சிறுவனோ மறுபடியும் இலத்தீனையே வாசிக்கத் தொடங்கிவிட்டான்! இயலாதென்று அவன் ஒப்புக்கொண்டபின், அவரே அதை மக்கள் மொழியில் விளக்கினார். கேட்டுருகிய கிரகோரி, பாட்டியார் தடுத்தும் நில்லாமல் அவரைப் பின்சென்றான். பிற்காலத்தில் உத்ரெக்ட் நகர மறைப்பணியை நடத்தியவர் இவரே.

தக்க சொல் கிடைப்பதும் எளிதன்று. தூய ஆவியைத் தென்பகுதியார் 'வீஹ் ஆட்டும்', அதாவது புனித மூச்சு, என்றனர். ஆங்கிலேயத் துறவியர் வழியில் பரவியது 'ஹைலக் கைஸ்ட்'. அழகில் முன்னது குறைந்ததன்று. ஆயினும் நிலைத்தது பின்னதே.

குருக்களின் இலத்தீனும் தேய்ந்திருந்தது. பவாரியாவில் ஒருவர் இலக்கணப் பிழையோடு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று, அதை மீண்டும் கொடுக்கும்படி போனிபாஸ் பணித்தார். அறியாமையால் நேர்ந்த நாப்பிழைக்கு அது வேண்டாமென 746-இல் பாப்பு சக்கரியாஸ் எழுதித் தடுத்தார்.

போனிபாஸ் 754-இல் வேதசாட்சியாக மரித்தார். மறையுரைகளை மக்களுக்கு விளங்கும் நாட்டுமொழியில், ஜெர்மானியத்திலும்கூட, பெயர்த்துச் சொல்லுமாறு தூர் நகரச் சங்கம் ஆயர்களைப் பணித்தது 813-இல்தான்.