கவனிப்பவரைக் கவனித்த கதை: மறதி நோய்ப் பராமரிப்பின் வரலாறு

ஒரு வீட்டில் வயதானவருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வந்துவிட்டால், அங்கே நோயாளிகள் இருவர் என்று சொல்வதுண்டு. ஒருவர் நினைவை இழப்பவர். மற்றவர் இரவும் பகலும் அவருடன் இருந்து பார்த்துக் கொள்பவர். முதலாமவருக்கு மருத்துவ உலகில் 1906-லேயே ஓர் இடம் கிடைத்துவிட்டது. இரண்டாமவர் கண்ணுக்குத் தெரிய இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆனது. அந்த இரண்டாமவரின் கதை இது.

ரயில்வே எழுத்தரின் மனைவி

1901 நவம்பர் மாதம். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் இருந்த மனநல மருத்துவமனையில் அகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். அவருடைய கணவர் கார்ல், ரயில்வேயில் எழுத்தர். மனைவிக்கு முதலில் வந்தது கணவர் மீது சந்தேகம். பிறகு மறதி. பொருட்களை இங்கும் அங்கும் இழுத்துப் போவார், ஒளித்து வைப்பார், சில வேளைகளில் கூச்சலிடுவார். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலை வந்த பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள்.

அவரைப் பரிசோதித்த மருத்துவர்தான் அலாய்ஸ் அல்சைமர். 1906 ஏப்ரலில் அகஸ்டே இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர்கள் கூட்டத்தில் தன் முடிவுகளை வெளியிட்டார். 1910-ல் எமில் கிரேப்ளின் தன் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார். மனைவியின் சந்தேகத்தையும் கூச்சலையும் வீட்டில் தாங்கிய கார்லுக்கு என்ன உதவி தேவை என்பது அன்று மருத்துவத்தின் கேள்வியாகவே இல்லை.

"வயசானா அப்படித்தான்"

அதன் பிறகு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள், அல்சைமர் நோய் என்பது நடுத்தர வயதினரைத் தாக்கும் அபூர்வ நோயாகவே கருதப்பட்டது. எழுபது எண்பது வயதில் வரும் மறதி நோயாகாது, அது முதுமையின் இயல்பு என்பதே பொதுவான எண்ணம். இதன் விளைவு குடும்பங்களின் தலையில் விழுந்தது. நோயே இல்லை என்றால் சிகிச்சை எதற்கு, உதவி எதற்கு?

1976-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் ஒரு தலையங்கம் எழுதினார். முதுமையில் வருவதும் அதே நோய்தான், அது மிகப் பெரிய உயிர்க்கொல்லிகளில் ஒன்று என்று வாதிட்டார். இதன்பின் நிலைமை வேகமாக மாறியது. 1979-ல் பிரிட்டனில் அல்சைமர் சங்கம் தொடங்கியது. 1980-ல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கத்தை முன்னின்று அமைத்தவர் ஜெரோம் ஸ்டோன் என்ற சிகாகோ தொழிலதிபர். அவருடைய மனைவிக்கு இந்நோய் இருந்தது. அதே 1980-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் நோயாளிகளின் குடும்பத்தினர் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அதற்கு முன்பே 1972-ல், மாமனாரைப் பார்த்துக் கொள்ளும், வேலைக்கும் போகும் ஒரு மருமகளைப் பற்றி சவாகோ அரியோஷி எழுதிய நாவல் அந்நாட்டில் பெரும் விற்பனை கண்டிருந்தது.

சுமையை அளந்த வினாத்தாள்

குடும்பத்தார் படும் பாடு எவ்வளவு என்று எப்படி அளப்பது? 1980-ல் ஸ்டீவன் ஜரிட்டும் அவருடன் பணியாற்றிய இருவரும் 29 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, உடல்நலம் கெட்டிருக்கிறதா என்ற வகைக் கேள்விகள். பிறகு 22 கேள்விகளாகச் சுருக்கப்பட்டு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

அந்த முதல் ஆய்வில் கிடைத்த விடை எதிர்பாராதது. நோய் முற்ற முற்றச் சுமையும் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நோயாளியின் மறதிக்கும் நடத்தைக்கும் சுமையுணர்வுக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது வேறொன்றில். மற்ற உறவினர்கள் எத்தனை முறை வந்து பார்த்தார்கள் என்பதில்! வந்து போவோர் அதிகமாக உள்ள வீட்டில் பராமரிப்பவரின் பாரம் குறைவாக இருந்தது. இது 29 குடும்பங்களை மட்டுமே வைத்துச் செய்த சிறிய ஆய்வு. நோயாளியின் கோபம், தூக்கமின்மை போன்றவையும் பாரத்தைக் கூட்டும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் "யார் வந்தார்கள்?" என்ற அந்தக் கேள்வி அழியாமல் நின்றது.

1981-ல் நான்சி மேஸும் பீட்டர் ராபின்ஸும் குடும்பத்தாருக்காக எழுதிய கையேடு வெளிவந்தது. அதன் பெயர் 'முப்பத்தாறு மணி நேர நாள்' என்று பொருள்படும். பராமரிப்பவரின் நாள் எவ்வளவு நீளம் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

உடலில் தெரிந்த பாரம்

மனச்சோர்வுதானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று ஒதுக்க முடியாது என்பதை 1990-களின் ஆய்வுகள் காட்டின. 1995-ல் அமெரிக்காவின் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் 13 பெண்களையும், அதே வயதுள்ள மற்ற 13 பெண்களையும் ஒப்பிட்டனர். எல்லோருக்கும் கையில் ஒரே அளவில் மிகச் சிறிய காயம் ஏற்படுத்தப்பட்டது. பராமரிப்பவர்களுக்கு அது ஆற சராசரியாக 48.7 நாட்கள் ஆயின. மற்றவர்களுக்கு 39.3 நாட்கள்.

1999-ல் ஷூல்ஸ், பீச் ஆகியோர் வாழ்க்கைத் துணையைப் பராமரிக்கும் முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். துணைக்கு வந்த நோய் மறதி நோயாக மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. பராமரிப்பால் மன அழுத்தத்துக்கு ஆளானோரின் இறப்பு விகிதம், பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். அழுத்தமின்றிப் பராமரித்தவர்களிடம் இந்தக் கூடுதல் காணப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கொன்றது பராமரிப்பு அல்ல, அதைத் தாங்க முடியாத நிலை.

எது சுமையைக் குறைத்தது?

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1987 முதல் மேரி மிட்டல்மன் குழுவினர் ஒரு முறையைச் சோதித்தனர். பராமரிக்கும் கணவன் அல்லது மனைவியுடன் தனியாக இரண்டு ஆலோசனைகள். பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று மற்றவர்களையும் உட்கார வைத்து நான்கு ஆலோசனைகள். பிறகு இதே நிலையில் உள்ளவர்களின் ஆதரவுக் குழு. தேவைப்படும்போது தொலைபேசியில் பேச ஆலோசகர். 206 பேரைக் கொண்டு செய்த இந்த ஆய்வின் முடிவு 1996-ல் வெளியானது. உதவி பெற்ற குடும்பங்கள், நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் நாளைச் சுமார் 329 நாட்கள் தள்ளிப்போட முடிந்தது. 406 பேருடன் 2006-ல் வந்த முடிவில் அது 557 நாட்களாக இருந்தது. இதில் புது மருந்து எதுவும் இல்லை. ஆறு ஆலோசனைகளில் நான்கு, குடும்பத்தின் மற்றவர்களையும் பொறுப்புக்குள் கொண்டு வருவதற்கானவை.

ஜப்பான் இன்னொரு வழியில் போனது. 2000-ல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. 40 வயது முதல் அனைவரும் சந்தா கட்ட வேண்டும். பலன் பணமாக வராது. வீட்டுக்கு வரும் உதவியாளர், பகல்நேர மையம், சில நாட்கள் தங்கும் வசதி என்று சேவையாகவே வரும். பணமாகக் கொடுத்தால் அந்தப் பணத்தைக் காட்டியே மருமகளை வீட்டோடு கட்டிப்போட்டு விடுவார்கள் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்ததும் இதற்கு ஒரு காரணம்.

நம் நாட்டில் கூட்டுக் குடும்பம் இருக்கிறதே?

இந்தியாவில் அல்சைமர் நோய்க்கான சங்கம் 1992-ல் கேரளத்தில் தொடங்கப்பட்டது. 1998-ல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் '10/66' என்ற குழுவை அமைத்தனர். மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதே அந்த எண்ணின் பொருள். சென்னையும் வேலூரும் இக்குழுவின் ஆய்வுக் களங்களில் அடங்கும்.

2004-ல் இக்குழு வெளியிட்ட ஆய்வு, வளரும் நாடுகளின் பராமரிப்பாளர்கள் படும் அழுத்தம் பணக்கார நாடுகளில் உள்ளதற்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. வீட்டில் ஆட்கள் அதிகம் இருந்தால் அழுத்தம் ஓரளவு குறைந்தது உண்மை. ஆனால் கேரளத்தில் பராமரிப்பாளர்களிடம் பேசிய ஆய்வாளர்கள், பொறுப்பு பெரும்பாலும் பெண்கள் மீதே, அதிலும் பல வீடுகளில் மருமகள் மீதே விழுவதைக் கண்டனர். வீட்டில் பத்துப் பேர் இருக்கலாம். இரவில் எழுந்து கதவைத் திறக்கப் போகும் மாமியாரைப் பிடித்து அழைத்து வருபவர் ஒருவர்தான் என்றால், அது கூட்டுக் குடும்பமா?

கோவாவில் 81 குடும்பங்களில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு நம்பிக்கை தருவது. உள்ளூர்ப் பெண்களுக்கு ஒரு வாரப் பயிற்சி அளித்து, மருத்துவர் மேற்பார்வையில் வீடு வீடாக அனுப்பினர். அவர்கள் நோயைப் பற்றி விளக்கினார்கள். பராமரிப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். ஆறு மாதத்தில் பராமரிப்பாளர்களின் மனநலம் கண்கூடாக மேம்பட்டது.

கணக்கில் வராத உழைப்பு

2019-ல் மறதி நோயால் உலகுக்கு ஆன செலவு சுமார் 1.3 லட்சம் கோடி டாலர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் ஏறக்குறைய பாதி, குடும்பத்தாரும் நண்பர்களும் சம்பளமில்லாமல் செய்த பராமரிப்பின் மதிப்பு. சராசரியாக நாளுக்கு 5 மணி நேரம். அந்த நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. எந்த வீட்டின் வரவு செலவுக் கணக்கிலும் இது எழுதப்படுவதில்லை.

நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. பாரத்தைக் குறைக்கும் வழி 1980-லேயே தெரிந்துவிட்டது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். உறவில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் இரண்டு மணி நேரம் நோயாளியுடன் உட்கார்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் பார்த்துக் கொள்பவர் கொஞ்சம் தூங்கி எழுவார்.