பிகோ சாக்ரோ: ஒரு மலையும் ஒரு நாகமும்

ஸ்பெயினின் வடமேற்கில் உள்ளது கலீசியா. அதன் தலைநகரான சந்தியாகோவில் ஈஸா நபியின் சீடர் புனித யாகப்பர் அடக்கப்பட்டுள்ளார் என்ற நம்பிக்கையில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கிறிஸ்தவ யாத்திரிகர்கள் அங்கு நடந்து செல்கின்றனர். அன்தலூஸ் முஸ்லிம்கள் இஷ்பீலியா என்றழைத்த செவில்லிலிருந்து வரும் பாதையின் கடைசிக் கட்டத்தில், நகருக்குச் சுமார் 12 கிலோமீற்றர் முன்னால் ஒரு குன்று எதிர்ப்படும். அதுவே பிகோ சாக்ரோ. 'புனிதச் சிகரம்' என்பது பொருள். உயரம் ஏறக்குறைய 530 மீற்றர். உச்சி வெண்படிகப் பாறை.

இந்தப் புனிதம் எப்போது வந்தது? கலீசியரிடம் ஒரு புனித மலை உண்டு, அதை இரும்பால் தீண்டுவது பாவம் என்று ரோம வரலாற்றாசிரியர் ஜஸ்டின் எழுதினார். அது இம்மலையே என்பார் சிலர். மறுப்பார் வேறு சிலர்.

12ஆம் நூற்றாண்டின் கலிக்ஸ்து ஏடு வேறொரு கதை சொல்கிறது. யாகப்பரின் உடலை அடக்க இடம் கேட்ட சீடர்களை லூப்பா என்ற அரசி வஞ்சகமாக இம்மலைக்கு அனுப்புகிறாள். அங்கிருந்த பறவைநாகம் சிலுவைக் குறி கண்டு மடிகிறது; முரட்டு எருதுகள் அடங்குகின்றன. இலிசினோ என்றிருந்த மலை அன்றே 'புனித மலை' ஆயிற்றாம். பழைய வழிபாடுதான் கதையில் நாகமாயிற்று என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் உச்சிப் பாறையை வெட்டிய வழியை மக்கள் இன்றும் லூப்பா அரசியின் தெரு என்கின்றனர்.

கி.பி. 997இல், ஹிஜ்ரி 387இல், ஹாஜிப் அல்மன்சூர் சந்தியாகோவைத் தாக்கினார். தேவாலயம் தரைமட்டமாயிற்று. கல்லறையை மட்டும் அவர் காக்கச் செய்தார் என இப்னு இதாரி எழுதுகிறார். ஆலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகள் குர்துபாவுக்குச் சுமந்தனர். 1236இல் குர்துபா வீழ்ந்தபோது அதே மணிகளை முஸ்லிம் கைதிகள் திருப்பிச் சுமந்தனர் என்று கிறிஸ்தவ வரலாறுகள் கூறுகின்றன. பிற்காலச் சிற்பங்களில் யாகப்பர் குதிரைமேல் வாளேந்தி வருகிறார். குதிரையின் காலடியில் நாகம் இல்லை, முஸ்லிம் கிடக்கிறான்.

தோற்றவனை நாகமாக்குவது வென்றவன் வழக்கம். அந்தச் சிலையைக் கண்டு நமக்கு நெஞ்சு நோவது இயல்பே. ஆனால் முதலில் மணி சுமந்த தோள்களையும் நாம் மறக்கலாகாது. நம் ஊர்களின் வரலாற்றை எழுதப் பேனா எடுக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்வோம்: நம் கதையில் நாகமாகியிருப்பவர் யார்?