ஊவாத் தோட்டங்களில் உபதேசியார் வீடு

நூற்றாண்டு மலரில் அதிபர்களையும் ஆசிரியைகளையும் நினைவுகூர்வது முறை. அவர்களைப் பற்றி இம்மலரில் வேறு பலர் எழுதுவர். எமது வகுப்பறையில் எம்மருகே அமர்ந்திருந்த ஒரு சாராரைப் பற்றி எழுத எனக்கு விருப்பம். போதகர்மாரின் பிள்ளைகள், தோட்டத்து உபதேசியார்மாரின் பிள்ளைகள் என்று அவர்களை அறிவோம். தகப்பனாருக்கு இடமாற்றம் வரும்போது தவணையின் நடுவில் வந்து சேர்வார்கள். அடுத்த மாற்றத்தோடு போய்விடுவார்கள். அவர்களுடைய பாட்டன்மார் எதற்காக இம்மலைக்கு வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பது ஊவாவின் தமிழர் வரலாற்றில் ஓர் அத்தியாயம். அது இன்னும் முறையாக எழுதப்படவில்லை.

பதுளைக்குப் போகிறவர்கள் புனித மாற்கு ஆலயத்தைப் பார்த்திருப்பார்கள். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது அது. யானை வேட்டையில் பேர்போனவர் அவர். அவருக்கு ஓர் ஆலயமே நினைவுச்சின்னமாக நிற்கிறது. அதே மலைகளில் தோட்டம் தோட்டமாக நடந்து வேதம் சொல்லி, அகரம் கற்பித்து, பிணம் அடக்கம்பண்ணிய தமிழ் உபதேசியார்களில் எத்தனை பேருக்கு ஒரு கல்லாவது இருக்கிறது?

அந்தக் கதை கோப்பிக் காலத்தில் தொடங்குகிறது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடந்து மலையேறினார்கள். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் மடிந்தவர் பலர். இவர்களுக்கென 1854இல் சர்ச் மிஷன் சங்கத்தின் சார்பில் கண்டியை மையமாகக் கொண்டு ஒரு மிஷன் ஆரம்பமாயிற்று. அதற்கு இட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. அப்பெயரை இன்று வாசிக்கும்போது மனம் கூசுகிறது. ஆயினும் அக்காலத்தார் எம்மவரை எப்படி நோக்கினார்கள் என்பதை அது மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

அம்மிஷனின் முதல் உபதேசியார்கள் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்தார்கள். திருநெல்வேலியில் ஊழியஞ்செய்து தமிழறிந்திருந்த செப்டிமஸ் ஹொப்ஸ் ஐயர் ஆரம்ப ஆண்டுகளில் அதை மேற்பார்த்தார். ஆகவே இம்மலைநாட்டுச் சபை இங்கிலாந்து தந்தது என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே. தமிழர் சபையொன்று தன் சொந்தப் பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பியதும் அதில் அடங்கும்.

உபதேசியாரின் நாள் விடியுமுன் தொடங்கியது. பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்கக் கூடியிருக்கும் சனங்களிடம், அவர்கள் மலைக்கு ஏறுமுன் சில நிமிடம் பேசுவார். பகலில் அடுத்த தோட்டத்துக்கு நடப்பார். மாலையில் லயத்து வாசலில் நோயாளியைப் பார்ப்பார். இரவில் விளக்கேற்றிப் பிள்ளைகளுக்கும் வளர்ந்தவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். ஆலயம் இல்லாத தோட்டங்களில் கோப்பி ஸ்டோரே ஞாயிறு ஆராதனைக்கு இடமாயிற்று.

ஆனால் அவருடைய சம்பளம் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்கார மிஷனரிக்குச் சங்கம் படியளந்தது. உபதேசியார்களின் செலவைத் தோட்டத் துரைமார் சேர்த்த சந்தாப் பணம் தாங்கியது. இதுதான் அவருடைய வாழ்வின் சிக்கல். துரையின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாது. துரையின் பணத்தில் அடுப்பெரிய வேண்டும். ஆனால் அவர் பணிசெய்ய வந்ததோ, கங்காணியிடம் கடன்பட்டு, அதே துரையின் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டம் போகமுடியாதிருந்த சனங்களுக்கு. சம்பளம் வெட்டப்பட்டவன் இரவில் வந்து அழுதால் அவர் ஜெபம்பண்ணினார். அதற்குமேல் எத்தனை பேர் பேசத் துணிந்தார்கள் என்பதைத் துரைமாருக்காக அச்சிட்ட அறிக்கைகளில் தேடிப் பயனில்லை. 1940இல் பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தக் கேள்வி முன்னைவிடக் கூர்மையாயிற்று. தொழிற்சங்கம் வந்தபின், 'ஐயா யார் பக்கம்?' என்று கேட்கச் சனங்களும் பழகினார்கள்.

இனி அந்த வீட்டுக்குள் வருவோம். மிஷன் வீடு எனப்பட்டது பல இடங்களில் லயத்துக்குச் சற்று மேலான இரண்டறை வீடே. பங்களாவும் அல்ல, லயமும் அல்ல. குடும்பத்தின் நிலையும் அப்படித்தான். கணக்கப்பிள்ளை வீட்டாரோடு சமமாகப் பழக வருமானம் போதாது. லயத்துப் பிள்ளைகளோடு உபதேசியார் பிள்ளை மண்ணில் புரண்டால் ஊர் பேசும். சாதி வரிசை கப்பலேறி வந்து லயத்திலும் குடியிருந்தது. யார் வீட்டிலும் தேத்தண்ணி வாங்கிக் குடித்து, எல்லாரும் ஒரே பாத்திரத்தில் இராப்போசனம் பெற வைப்பது பிரசங்கம் செய்வதைவிடக் கடினமான ஊழியம். அந்த ஊழியத்தை அதிகமாகச் செய்தவர் வீட்டு அம்மாவே. பிரசவ வீட்டுக்குள் உபதேசியார் போகமுடியாது, அம்மா போவார். பெண்பிள்ளைகளுக்குத் தையலும் வாசிப்பும் அம்மாவின் திண்ணையில் நடந்தன. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. அறிக்கையில் பெயரும் கிடையாது.

பெயர் கிடைத்த பெண்களும் சிலர் உண்டு. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் லாங்டன் போதகரும் அவர் மனைவியும் 1879இல் கண்டியில் பெண்கள் உயர்தரப் பாடசாலையை ஆரம்பித்தார்கள். பின்னர் லாங்டன் ஊவாவுக்கு வந்து, தியத்தலாவைப் பக்கத்தில் ஹப்பி வெலி என்னும் இடத்தில் பணிசெய்து, அதைப்பற்றி 1890இல் ஒரு நூலும் எழுதினார். 1890களில் ரயில் பண்டாரவளைக்கு வந்தது. 1924இல் பதுளையைத் தொட்டது. நடந்தும் மட்டக் குதிரையிலும் செய்த ஊழியத்துக்கு அது பெரிய ஆறுதல். தோட்டத்தில் ஐந்தாம் வகுப்புக்குமேல் வழியில்லாத குருமனைப் பிள்ளைகள் பட்டணத்துப் பாடசாலைக்கும் விடுதிக்கும் வரத் தொடங்கியதற்கும் இந்த ரயில் பாதை ஒரு காரணம். பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு, மாதம் ஒரு கடிதத்தோடு திருப்திப்பட்ட தாய்மாரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே, 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1949இன் சட்டப்படி பிரசாவுரிமை கேட்கிறவர், 1946ஆம் ஆண்டு முதல் திகதிக்கு முன்பு மணமானவராயின் ஏழாண்டும் மற்றவராயின் பத்தாண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வசித்ததைக் காட்டவேண்டும். கைநாட்டு வைத்தே பழகிய சனங்கள் அதைக் காட்டுவது எங்ஙனம்? எழுத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அன்று பெறுமதி இருந்தது. பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், தோட்டம், திகதி என்று உபதேசியார் மை தொட்டு எழுதிய ஞானஸ்நானப் பதிவும் அத்தகைய ஒரு வரிதான். ஊழியத்தில் சின்ன வேலை என்று எண்ணப்பட்ட பதிவேட்டு எழுத்து, ஒரு குடும்பம் இம்மண்ணில் இருந்ததற்குச் சாட்சியாயிற்று. இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளாதலால், பல உபதேசியார் வீட்டாரும் அதே விண்ணப்பப் படிவத்தை நிரப்பவேண்டியிருந்தது.

1964ஆம் ஆண்டு மெதடிஸ்த திருச்சபை இலங்கையில் சுயாதீனம் பெற்றது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் சனங்களைப் பங்கிட்டன. மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தன. ஒரு சபையில் பாடகர் வரிசை பாதியானது என்றால், ஒரு குடும்பத்தில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே. பண்டாரவளை நிலையத்திலும் எல்ல நிலையத்திலும் தகரப் பெட்டிகளோடு ஏறியவர்களுக்கு ஜெபம்பண்ணி அனுப்பிய போதகர், திரும்பி வந்து குறைந்த சபைக்குப் பிரசங்கம் செய்யவேண்டும். போனவர்களில் பலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தெடுத்தார்கள். இம்மலரைக் கோத்தகிரியிலோ கூடலூரிலோ வாசிக்கும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

1972இல் கத்தோலிக்கத் திருச்சபை பதுளையைத் தனி மறைமாவட்டமாக்கியபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை வசதியான கண்டியை விட்டு இந்தச் சிறிய, ஏழை மறைமாவட்டத்துக்கு வந்தார். பண்டாரவளையில் அவர் தொடங்கிய சேவக செவண குருமாரை மக்கள் நடுவில் பயிற்றுவிக்க முயன்றது. அங்கே கற்பித்த மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் பின்னர் புத்தளைப் பகுதியில் ஏழை விவசாயிகளிடையே வாழப்போனார். 1987 நவம்பர் 10ஆந் திகதி திருப்பலி நேரத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். 'யார் பக்கம்?' என்று தோட்டத்து உபதேசியாரை வாட்டிய கேள்விக்கு அவர் தம் உயிரால் விடை சொன்னார். ஆனால் குடும்பம் உள்ள ஊழியக்காரர் அதே விடையைச் சொல்லும்போது, விலையை மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்தே கொடுக்கிறார்கள். அதையும் நாம் மறக்கலாகாது.

இலங்கைத் திருச்சபை 2006இல் முதன்முதலாகப் பெண்களைக் குருத்துவத்துக்கு அபிஷேகம் பண்ணியது. அன்று திண்ணையில் அம்மா பெயரில்லாமல் செய்த வேலை, ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் பலிபீடத்தருகே பெயர் பெற்றது என்று நான் அதை விளங்கிக்கொள்கிறேன்.

பழைய மாணவியரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் எவருடைய தகப்பனாரோ பாட்டனாரோ ஊவாத் தோட்டங்களில் உபதேசியாராக, போதகராக, மிஷன் பாடசாலை ஆசிரியராக இருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தையும் ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். பக்கத்திலேயே அம்மாவின் பெயரையும், 'இன்னாரின் மனைவி' என்றல்லாமல் அவருடைய சொந்தப் பெயராகவே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் பிரதி அனுப்புங்கள். பல தோட்டங்களில் அந்தச் சிறு வீடுகள் இடிந்துவிட்டன. நினைவு வைத்திருப்போருக்கும் எண்பது வயது தாண்டுகிறது. எம் குடும்பங்களுக்கு அவர்கள் பதிவேடு எழுதினார்கள். அவர்களுக்கொரு பதிவேடு எழுதுவது இனி எம் கடன்.