முதுமைக்கான சட்ட முன்னேற்பாடுகள் (இந்தியா)

முதுமையாலோ நோயாலோ ஒருவர் தம் சொத்து, பணம், சிகிச்சை பற்றி முடிவெடுக்க இயலாமல் போகலாம் என்பதை எண்ணி, மனத்தெளிவுடன் இருக்கும்போதே செய்துவைக்கும் ஏற்பாடுகள் இவை. இந்தியாவில் இவற்றுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. வெவ்வேறு சட்டங்களும் தீர்ப்புகளும் இவற்றை நெறிப்படுத்துகின்றன.

அதிகார ஆவணம்: பேச்சுவழக்கில் பவர் பத்திரம். வங்கி, வாடகை, நில விவகாரங்களைத் தம் சார்பில் கவனிக்க இன்னொருவருக்கு அதிகாரம் தருவது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, எழுதிக்கொடுத்தவர் இறந்தாலோ சித்தசுவாதீனம் இழந்தாலோ இவ்வதிகாரம் முடிந்துவிடும். ஆகவே மறதிநோய் முற்றியவரின் குடும்பத்துக்கு இது கைகொடுக்காது. கோமாவில் இருப்பவருக்குப் பாதுகாவலரை நியமிக்க உறவினர் உயர் நீதிமன்றத்தை அணுகுகின்றனர்; இதற்கான நெறிமுறைகளைக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் வகுத்தது.

உயில்: இறப்புக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இரு சாட்சிகளின் கையொப்பம் தேவை, பதிவு கட்டாயமில்லை. முஸ்லிம்களின் உயிலுக்கு அவர்களது தனிச் சட்டம் பொருந்தும்.

செட்டில்மெண்ட் பத்திரம்: சொத்தை உயிரோடிருக்கும்போதே மாற்றித் தருவது. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் தரப்பட்ட சொத்தைப் பெற்றவர் அதை மீறினால், அம்மாற்றம் செல்லாது என அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. 60 வயது நிறைந்தோர் இதைக் கோரலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் இத்தீர்ப்பாயத்துக்குத் தலைமை வகிக்கிறார். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவது பின்னாளைய வழக்கைத் தவிர்க்க உதவும்.

முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம்: மீளும் வாய்ப்பற்ற நிலையில் செயற்கை சுவாசம் போன்ற உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் எனக் கூறும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. நீதித்துறை நடுவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில் தளர்த்தப்பட்டது. இரு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெசட்டெட் அதிகாரியின் சான்று இப்போது போதும். முடிவெடுக்க வேண்டிய உறவினர்களின் பெயர்களும் அதில் இடம்பெற வேண்டும். சிகிச்சையை நிறுத்துமுன் இரு மருத்துவக் குழுக்கள் ஒப்புதல் தர வேண்டும். எழுதியவர் மனத்தெளிவுடன் இருக்கும்வரை ஆவணத்தை எழுத்துமூலம் மாற்றவோ விலக்கிக்கொள்ளவோ முடியும்.

மனநோய்ச் சிகிச்சைக்கு இதுபோன்ற விருப்ப ஆவணம் எழுதவும் பிரதிநிதியை நியமிக்கவும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இடமளிக்கிறது.