நடமாடும் மர அறுவை எந்திரம்

வெட்டிய மரத்தை மில்லுக்கு ஏற்றாமல், கிடக்கும் இடத்திலேயே பலகையாகவும் சட்டமாகவும் அறுத்துத் தரும் எந்திரம். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வரலாம். மில்லில் டிராலி மரத்தை வாளுக்குக் கொண்டுபோகும். இதில் மரம் அசையாது, தண்டவாளத்தின்மேல் வாள் நகரும். அமெரிக்காவில் 1982இல் தொடங்கிய வுட்-மைசர் நிறுவனத்தின் நாடாவாள் எந்திரங்கள் இவ்வகையில் பெயர்பெற்றவை. வழக்கம் மட்டும் பழையது. மரம் இருக்கும் இடத்தில் குழி வெட்டி, கரிநூல் அடித்து, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக ரம்பம் இழுத்த அறுப்புக்காரர்கள்தான் இதற்கு முன்னோர். கீழே நின்றவர் தலை முழுக்க மரத்தூள்.

நாடாவாளின் பலம் அதன் மெலிவு. ஓர் அடி கனமுள்ள தடியை அங்குலப் பலகையாக அறுக்கும்போது, 2 மி.மீ. மரத்தைத் தூளாக்கும் நாடாவாள் 11 பலகை தரும், 6 மி.மீ. தின்னும் வட்டவாள் 9தான் தரும்.

வாடகை மணிக்கணக்கில், அல்லது அறுத்த அளவுக்கு. அளவில்தான் தகராறு வரும். உருட்டு மரத்துக்குச் சுற்றளவை நான்கால் வகுத்து, அதன் வர்க்கத்தை நீளத்தால் பெருக்குவது வழக்கம்: 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. உண்மையான கனஅளவோ ஏறத்தாழ 12.7. கூலி தடியின் அளவுக்கா, இறங்கிய பலகைக்கா என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

நகரத்துக்குள், எடுத்துக்காட்டாகத் தில்லி கரோல் பாக்கில், எந்திரத்தைக் கொண்டுவருவது பெரிய காரியமல்ல. சட்டமும் ஆணியும்தான் பெரிய காரியம். தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம், 1994இன்படி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. விட்டமும், ஒரு மீட்டர் உயரமும் இருந்தாலே அது மரம். சொந்த வீட்டு முற்றத்தில் நின்றாலும் மர அலுவலரின் அனுமதியின்றி வெட்டக்கூடாது. அறுப்பதற்கு வேறொரு கதை, அது தொடங்கியது கூடலூரில். நீலகிரிக் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணை நாடெங்கும் அறுவை மில்களைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 2002இல் புதிய மில்களுக்கு அதே நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழுவின் முன்அனுமதி கட்டாயமானது. 2016 வழிகாட்டுதல்கள் அந்தப் பொறுப்பை மாநிலக் குழுக்களிடம் மாற்றின. விசையில் ஓடும் வாள் சக்கரம் கட்டி வந்தாலும், உரிமக் கேள்வி எழாமல் போகாது. அதனால் ஒற்றை மரக்காரர் மேற்கே கீர்த்தி நகர் மரச்சந்தைப் பக்கம் தடியை ஏற்றிவிடுவதே நடைமுறை.

நகர மரத்தில் என்ன புதைந்திருக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி, கொடிக்கம்பி, மரம் விழுங்கிவிட்ட இரும்புக் கூண்டு. உலோகம் தேடும் கருவியால் தடவிப் பார்க்காமல் வாளை இறக்கினால் வாள் போச்சு. வெளிநாடுகளில் அந்தச் செலவு பெரும்பாலும் மரக்காரர் தலையில்தான். தேறும் மரங்கள் வேம்பு, நாவல், சிசு. பக்கத்து ரிட்ஜ் காட்டில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தில் வைரம் உண்டு, நேரான தடிதான் அரிது.

அறுத்த பலகையைத் தில்லியில் மே மாத வெயிலில் விடக்கூடாது. லூ எனும் அனல் காற்றில் முனைகள் வெடித்துவிடும். முனைக்கு மெழுகோ பெயின்டோ பூசி, இடையிடையே குச்சி வைத்து, நிழலில் அடுக்க வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு.