காயமும் ஏடும்

போரிலே பட்ட புண்ணைப் பெருமையாகப் போற்றிய இனம் தமிழினம். முகத்திலும் மார்பிலும் ஏற்ற புண்ணை விழுப்புண் என்று கொண்டாடினர் நம் முன்னோர்; முதுகில் பட்டதைப் புறப்புண் என்று கூறி நாணினர். திருவள்ளுவரும் படைச்செருக்கு என்னும் அதிகாரத்திலே விழுப்புண்ணின் சிறப்பைப் பேசியிருக்கிறார். வெண்ணிப் போர்க்களத்திலே கரிகால் வளவன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்து முதுகையும் ஊடுருவியது என்பர். புறத்தே புண்பட்டதற்கு நாணி அம்மன்னன் வடக்கிருந்து உயிர் துறந்தான். அவன் புறமுதுகு காட்டியவன் அல்லன். ஆயினும் புண் இருந்த இடம் அவனுக்கு எதிராகச் சாட்சி கூறுமோ என்று அஞ்சினான். காயம் ஒன்று, அக்காயத்தைப் பற்றி உலகம் எழுதி வைக்கும் சொல் வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரந்தான் இக்கட்டுரையின் பொருள்.

களத்திலே வீழ்ந்தவனுக்கு நம்மவர் கல் நட்டனர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற நடுகற்கள் பழந்தமிழ் எழுத்திலே வீரனின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் ஆகோள் பூசலில் மாண்ட ஒருவனின் பெயரை நாம் வாசிக்க முடிகிறது. ஆனால் அதே பூசலிலே கால் ஒடிந்து, கண் இழந்து, ஊர் திரும்பி முதுமை எய்திய வீரனுக்கு ஊரார் கண்ணும் நினைவுமே சான்று. அவர்கள் மறைந்தபோது அச்சான்றும் மறைந்தது.

நாம் வாழும் இத்தலைநகரிலும் இந்நிலையே காண்கிறோம். 1931ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இந்தியா கேட், முதல் உலகப் போரிலும் அதையடுத்த போர்களிலும் உயிர் நீத்த எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியப் படைவீரர்களின் நினைவுச் சின்னம். அவர்களுள் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவர்களிலே பொறிக்கப்பட்டுள்ளன. அதன் அருகிலே 2019 பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் உயிர் ஈந்த இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்களைக் காணலாம். விடுமுறை நாட்களிலே நம் குழந்தைகளை அழைத்துச் சென்று அவற்றைக் காட்டுகிறோம். காயமுற்று உயிர் பிழைத்தவர்களின் பெயர்கள் அங்கே இல்லை. கார்கில் போரிலே 527 வீரர் மாண்டனர். 1,363 பேர் காயமடைந்தனர் என்பது கணக்கு. அந்த 1,363 பேரின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? கல்லிலே அல்ல; காகிதத்திலே. ஏதோ ஓர் அலுவலகத்தின் அலமாரியிலே, கட்டப்பட்ட கோப்பு ஒன்றிலே, ஒரு வரியாக இருக்கின்றன. அந்த வரி பிழையானால் அவ்வீரனின் காயமே பிழையாகிவிடுகிறது.

சாதாரணச் சிப்பாயையும் தனியே அடையாளம் காட்டிப் போற்றும் வழக்கம் மேனாட்டுப் படைகளிலே மிகவும் பழமையானதன்று. 1782ஆம் ஆண்டு ஜார்ஜ் வாஷிங்டன் தம் வீரர்களின் அருஞ்செயலைப் பாராட்ட, ஊதா நிறத் துணியால் ஆன இதய வடிவச் சின்னம் ஒன்றை நிறுவினார். நெடுங்காலம் மறந்து கிடந்த அச்சின்னம் 1932இல் மீண்டும் உயிர்பெற்றது. போரில் காயமுற்றோர்க்கு உரிய 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் என்று இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. பிரிட்டிஷ் படையிலே 1916 முதல், காயமுற்ற வீரன் தன் சட்டைக் கையிலே சிறு பித்தளைக் கோடு ஒன்றை அணியலானான்.

நம் நாட்டிலும் இத்தகைய பதக்கம் ஒன்று உண்டு. காயப் பதக்கம் என வழங்கிப் பின்னர் 'பராக்ரம் பதக்' என்று பெயர்பெற்ற அது, பகைவரின் நேரடிச் செயலால் காயமுற்றவர்க்கு அளிக்கப்படுவது. 1970களிலே நிறுவப்பெற்றதாயினும், 1947 ஆகஸ்டு 15 முதல் ஏற்பட்ட காயங்களுக்கு உரியதாக அது வகுக்கப்பட்டது. இதன் பொருளை நாம் சற்று ஊன்றி நோக்க வேண்டும். 1947-48இல் காஷ்மீரத்திலே குண்டடி பட்டவன், 1962இல் பனிமலையிலே காயமுற்றவன், 1965இல் பஞ்சாபிலே கால் இழந்தவன் ஆகியோரில் பலர் இப்பதக்கம் தோன்றுமுன்பே ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிட்டனர். 'எனக்கும் அது உரியது' என்று பின்னாளில் ஒருவன் கேட்டால், அவனுக்காகப் பேசக்கூடியது எது? உடலிலுள்ள தழும்பு அன்று. தழும்பு பலவகையாலும் வரலாம். காயம்பட்ட நாளிலே எவரோ எழுதிய குறிப்பே பேசவேண்டும்.

அக்குறிப்பு எவ்வாறு பிறக்கிறது? களத்திலே அடிபட்டவனை முதலிலே தோழர்கள் சுமந்து செல்கின்றனர். முதலுதவி செய்த மருத்துவர் ஒரு சீட்டு எழுதுகிறார். பின்னே மருத்துவமனை ஒரு குறிப்பு எழுதுகிறது. பட்டாளத்தின் எழுத்தர் அதை அன்றாட ஆணையிலே ஏற்றுகிறார். முடிவிலே அது ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்தை அடைந்து, வீரனின் பணிப்பதிவேட்டிலே இடம்பெறுகிறது. 1758இல் தோன்றிய மதராஸ் ரெஜிமெண்டின் வீரர்களுக்கு அத்தகைய அலுவலகம் நீலகிரியிலே வெலிங்டனில் உள்ளது. குண்டு பொழியும் களத்துக்கும் குளிர்ந்த வெலிங்டனுக்கும் இடையே எத்தனை கைகள்! ஒரு கை சோர்ந்தால் போதும். 'பகைவர் குண்டால்' என்று இருக்கவேண்டிய இடத்திலே 'விபத்தால்' என்று வந்துவிடும். அல்லது ஒன்றுமே இல்லாமல் வெற்றிடமாய் நின்றுவிடும்.

தமிழ் வீரனுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. அது அவன் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரை ஓரெழுத்தாக முன்னே வைத்துக்கொள்கிறோம். அவ்வெழுத்தை விரித்து எழுதுவார் ஒருவர், விட்டுவிடுவார் மற்றொருவர், தந்தையின் பெயரையே மகனின் பெயராகக் கொள்வார் மூன்றாமவர். பழனிச்சாமி என்ற பெயரை ஆங்கிலத்திலே எத்தனை விதமாக எழுதலாம் என்பதை நம் காலனியில் பள்ளிச் சான்றிதழுக்கும் ரேஷன் அட்டைக்கும் அலைந்த எந்தக் குடும்பமும் அறியும். நமக்கு இது ஒரு நாள் அலைச்சல். மருத்துவமனைத் தாளில் ஒரு பெயரும் பணிப்பதிவேட்டில் மற்றொரு பெயருமாக நின்ற வீரனுக்கோ, அது வாழ்நாள் வழக்கு.

ஏடு அழிந்தே போனாலோ? 1940 செப்டம்பரிலே லண்டன் நகரின்மீது ஜெர்மானியர் வீசிய குண்டுகளால், முதல் உலகப் போரிலே பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் பதிவேடுகளில் பெரும்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. அமெரிக்காவிலே செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12ஆம் நாள் மூண்ட தீ, ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்குக் குறையாத கோப்புகளை விழுங்கியது. அந்நாட்டிலே 1946க்கு முன்பு, படைவீரன் ஒருவனின் பதிவேட்டுப் பிழையைத் திருத்த நாடாளுமன்றத்திலே தனி மசோதா கொண்டுவருவது வழக்கமாயிருந்தது. அவ்வாண்டு இயற்றிய சட்டத்தின்பின், பதிவேடுகளைத் திருத்துவதற்கென்றே குழுக்கள் அமைக்கப்பட்டன. பதிவேட்டிலே பிழை நேரும் என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டு, அதைத் திருத்த ஒரு வாயிலையும் திறந்து வைத்தது பெருந்தன்மையேயாகும்.

நம் தமிழர் பெரிதும் பங்குகொண்ட மற்றொரு படையின் வரலாறு இன்னும் துயரமானது. 1943இல் சிங்கப்பூரிலே நேதாஜி தலைமை ஏற்ற இந்திய தேசிய இராணுவத்திலே, மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். தமிழ்ப் பெண்கள் ஜான்சி ராணிப் படையிலே துப்பாக்கி ஏந்தினர். அப்படை 1945இல் சிதறியது. அவ்வாண்டின் இறுதியில் செங்கோட்டையிலே நடந்த விசாரணை அதன் புகழை நாடெங்கும் பரப்பியது. ஆயினும், தோட்டத்திலிருந்து சென்று காயத்தோடு திரும்பிய எளியவனின் கையிலே என்ன சான்று இருந்தது? 1972இல் மத்திய சர்க்கார் விடுதலை வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் வகுத்தபோது, சிறையிருந்ததற்குச் சான்று கேட்டது. ஏடு இல்லாதவர் உடனிருந்த கைதிகளின் உறுதிமொழியைத் தேடி அலைந்தனர். 2001ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட், விடுதலை வீரர் ஒருவரின் வழக்கிலே ஒரு நெறியை எடுத்துரைத்தது. குற்ற வழக்கிலே கேட்பது போன்ற ஐயத்துக்கு அப்பாற்பட்ட சான்றை இவர்களிடம் கேட்கலாகாது. நிகழ்ந்திருக்கக்கூடும் என்று நம்பத்தக்க சான்றே போதும் என்பது அந்நெறி. நாட்டுக்காக அல்லலுற்றவரிடம் நாடு எவ்வாறு கணக்குக் கேட்கவேண்டும் என்பதற்கு இது நல்ல இலக்கணம்.

இன்று படைவீரர் முறையிடுவதற்கு நம் டில்லியிலேயே ஒரு மன்றம் உண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து, 2009 ஆகஸ்டிலே தொடங்கப்பெற்ற ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் தலைமை அமர்வு ராமகிருஷ்ணபுரத்திலே உள்ளது. சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. இத்தீர்ப்பாயத்தின் தொடக்க நாட்களிலே ஒரு வழக்கு நாட்டின் கவனத்தை ஈர்த்தது. கார்கில் போரிலே படாலிக் பகுதியில் 70ஆம் காலாட்படைப் பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் தேவிந்தர் சிங், போர் முடிந்தபின் எழுதப்பெற்ற அறிக்கையிலே தம் பிரிகேடின் பங்கு மறைக்கப்பட்டதென்றும், தம் இரகசியக் குறிப்பேட்டிலே நேர்மையற்ற மதிப்பீடு இடம்பெற்றதென்றும் முறையிட்டார். அவருக்குக் கிடைத்திருந்தது விசிஷ்ட சேவா பதக்கம். அது போர்க்கள வீரத்துக்கு உரியதன்று. 2010 மே மாதம் தீர்ப்பாயம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, போர்க்குறிப்பையும் மதிப்பீட்டையும் திருத்துமாறு பணித்தது. வென்றவர் பிரிகேடியர், கல்வியும் பழக்கமும் உள்ளவர். அவருக்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்றால், எட்டாம் வகுப்புப் படித்துப் பட்டாளத்திலே சேர்ந்த சிப்பாயின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அச்சிப்பாய்க்குப் பதக்கம் மட்டுமன்று, உணவும் அவ்வரியிலேயே அடங்கியிருக்கிறது. 2001 ஜனவரியிலே பாதுகாப்பு அமைச்சகம் பிறப்பித்த ஆணை, மரணத்தையும் ஊனத்தையும் ஐந்து வகையாகப் பிரித்தது. பணிக்குத் தொடர்பில்லாத இயற்கைக் காரணத்தில் தொடங்கிப் போரிலே முடிகிறது அப்பகுப்பு. எந்த வகையிலே வீரனின் பெயர் ஏறுகிறதோ, அதற்கேற்பவே அவன் குடும்பத்தின் அடுப்பு எரியும். 2013ஆம் ஆண்டு ஒரு சிப்பாயின் ஊன ஓய்வூதிய வழக்கிலே சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியது இது: சேரும்போது பதிவேட்டிலே நோய்க்குறிப்பு ஒன்றும் இல்லையானால், அவன் நலமாகவே சேர்ந்தான் என்று கொள்ளவேண்டும்; ஐயத்தின் பயன் வீரனுக்கே உரியது.

கேட்டவர்க்கெல்லாம் பதக்கம் வழங்கலாமா என்று சிலர் வினவலாம். வழங்கலாகாது. தகுதியற்றவன் மார்பிலே தொங்கும் பதக்கம், தகுதியுள்ளவன் மார்பிலே உள்ளதையும் மலிவாக்கிவிடும். ஆதலால் ஆராய்ச்சி வேண்டும், கண்டிப்பும் வேண்டும். ஆனால் ஆராய்வது வேறு, அலைக்கழிப்பது வேறு. 'பதிவேட்டில் இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடுவது எளிது. பதிவேட்டில் ஏன் இல்லை என்று கேட்டு, மருத்துவமனைத் தாளையும் பட்டாளத்தின் அன்றாடக் குறிப்பையும் ஒப்பிட்டு நோக்குவதே கடமை. மறுப்பதற்கு ஒரு வரி போதும். மெய் காண்பதற்கு ஒரு மாதம் வேண்டியிருக்கலாம். அந்த ஒரு மாதத்தை, தன் உடலையே கொடுத்தவனுக்கு நாம் கொடுக்கலாகாதா?

இதை நம் சங்க மலரிலே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தலைநகரிலே தமிழர் வேரூன்றியது பெரும்பாலும் பேனாவைக் கொண்டே. கரோல் பாக்கிலும் லோதி காலனியிலும் வினய் நகரிலும் குடியேறிய நம் முன்னோர் பலர் அமைச்சகங்களிலே எழுத்தராகவும் கணக்கராகவும் தணிக்கையாளராகவும் இருந்தவர்கள். கோப்புக்கு நேர்மையும் எண்ணுக்குத் துல்லியமும் அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். இன்றும் நம் இல்லங்களிலே அரசுப் பணியாற்றுவோர் பலர் உளர். அவர்கள் மேசைக்கு வரும் மனுக்களிலே ஒன்று முதிய படைவீரர் ஒருவருடையதாக இருக்கலாம். கையெழுத்துக் கோணலாக இருக்கும். ஆங்கிலம் பிழையாக இருக்கும். இணைத்த தாள்கள் மஞ்சள் பூத்திருக்கும். அதை இருமுறை வாசியுங்கள்.

படைவீரர் உள்ள குடும்பங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பணிவிடுப்புப் புத்தகம், மருத்துவமனைச் சீட்டு, ஓய்வூதிய ஆணை, களத்திலிருந்து வந்த கடிதம் ஆகியவற்றில் எதையும் பழைய காகிதம் என்று கழித்துவிடாதீர்கள். பெயரின் எழுத்து எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பெரியவர் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள். காயம்பட்ட இடம், நாள், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அவர் வாயால் கேட்டு எழுதி வையுங்கள். பிழை இருந்தால் ஆவண அலுவலகத்துக்கும் மாவட்டப் படைவீரர் நல அலுவலகத்துக்கும் காலந்தாழ்த்தாது எழுதுங்கள்.

பண்டைத் தமிழன் மாண்ட வீரனுக்குக் கல் நட்டுத் தன் கடனைத் தீர்த்தான். வாழும் வீரனுக்கு நாம் நடவேண்டியது கல் அன்று. பிழையற்ற ஒரு வரி.